எஸ்டீம் எஞ்சினைப் பிரித்திருக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

மன்னார்குடி வீட்டுக் கொட்டகையில் மாருதி எஸ்டீம் காரின் 1.3 லிட்டர், 16 வால்வு எஞ்சினை இறக்கிவிட்டதாகவும், ரேஸ் கேம்ஷாஃப்டுக்கும் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) ஹெடருக்கும் (புகைக் குழாய்) விலை பேசிக்கொண்டிருப்பதாகவும் எழுதியிருந்தாய். இறக்கியவரை சரி. கேம்ஷாஃப்டை இப்போது வாங்காதே. அந்தப் பணத்தில் 25–50, 50–75 மி.மீ. மைக்ரோமீட்டர் இரண்டு, துளையின் உள்விட்டம் அளக்கும் போர் கேஜ் ஒன்று, இறுக்கும் விசையைக் காட்டும் நல்ல டார்க் ரெஞ்ச் ஒன்று வாங்கு. வேகத்துக்கு ஓட்டும் எஞ்சின் நிற்பதும் சாவதும் நூறில் ஒரு மில்லிமீட்டர் கணக்கில்தான். அளக்காமல் போடும் கேம்ஷாஃப்ட், எஞ்சின் சீக்கிரம் உடையத்தான் உதவும்.

முதலில் லேத் பட்டறை விஷயம். நம் பக்கத்துப் பட்டறைக்காரர்கள் டிராக்டரிலும் பம்புசெட்டிலும் கைதேர்ந்தவர்கள். அந்த பிளாக்குகள் முழு வார்ப்பிரும்பு. காஸ்டிக் சோடா கொதிக்கும் தொட்டியில் போட்டால் பளிச்சென்று வெளியே வரும். உன்னுடையது அலுமினிய பிளாக், உள்ளே சிலிண்டர் சுவராக நிற்கும் லைனர் மட்டும்தான் இரும்பு. காஸ்டிக் அலுமினியத்தைத் தின்றுவிடும். "தொட்டியில் போடக்கூடாது" என்று வாயால் சொன்னால் போதாது, பிளாக்கின் மேலேயே பெயிண்டில் எழுதிக் கொடு. பிளாக்கின் மேல் மூடியான ஹெட்டுக்கும் அப்படியே.

சிலிண்டர் துளையைக் கடையும் போரிங்குக்குக் கொடுக்குமுன் பிஸ்டன்களைக் கையில் வாங்கிவிடு. ஸ்டாண்டர்டு போர் 74 மி.மீ. தேய்மானத்தைப் பார்த்து 0.25 அல்லது 0.50 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன் எடு. பெட்டியில் எழுதியிருக்கும் அளவை நம்பாமல் நான்கு பிஸ்டனையும் ஸ்கர்ட்டில் (ரிங்குகளுக்குக் கீழுள்ள பகுதி) அளந்து, எது எந்த சிலிண்டருக்கு என்று எண் போட்டு, அந்தந்த பிஸ்டனுக்கு அந்தந்தத் துளை என்று கடையச் சொல். முடிந்தால் 40 மி.மீ. இரும்புத் தகட்டில் டார்க் பிளேட் ஒன்று செய்து, ஹெட் போல்ட்டுகளாலேயே அதை முறுக்கிவைத்து ஹோனிங் (கல்லால் சுவரைத் தேய்த்து முடிப்பது) செய்யட்டும். ஹெட் ஏறி இறுகும்போது அலுமினிய பிளாக் நெளியும். பிளேட் இல்லாமல் வட்டமாகக் கடைந்த துளை, ஹெட் ஏறியதும் வட்டமாக இருக்காது.

அளக்கும் நேரமும் முக்கியம். வீட்டில் காலையில் 28 டிகிரியில் பிஸ்டனை அளந்து, தகரக் கூரை போட்ட பட்டறையில் மதியம் 38 டிகிரியில் துளையை அளந்தால், இரும்பு லைனர் மட்டுமே 0.008 மி.மீ. விரிந்திருக்கும். பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவே நமக்கு வேண்டிய மொத்த இடைவெளியே சுமார் 0.03 மி.மீ.தான். பிளாக்கும் பிஸ்டனும் ஓரிரவு ஒரே அறையில் கிடக்கட்டும். விடிந்ததும் இரண்டையும் அளந்துவிடு.

ஹோனிங் முடிந்து வந்த பிளாக்கைப் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவி முடித்துவிடாதே. அவை எண்ணெயைத்தான் எடுக்கும், ஹோனிங் கல்லின் துகள் கோடுகளுக்குள்ளேயே தங்கிவிடும். சுடுதண்ணீர், சோப்புத்தூள், நைலான் பிரஷ், கைவலிக்கத் தேய்ப்பு. பிறகு பழைய வேட்டித் துணியில் எஞ்சின் ஆயிலைத் தொட்டுச் சுவரைத் துடை. துணியில் சாம்பல் நிறம் வருகிறதா, மறுபடி சோப்பு. வெள்ளைத் துணி வெள்ளையாகவே திரும்பும்வரை விடாதே. நான்கு சிலிண்டருக்கும் அரை நாள் ஆகும், ஆகட்டும். கடைசி அலசலுக்கு போர்வெல் தண்ணீர் வேண்டாம், உப்பு ஏறிய தண்ணீர் பட்ட லைனர் கண்ணெதிரே துருப்பிடித்துவிடும். ஈரம் காய்ந்த கையோடு ஆயில் தடவி, பாலித்தீன் பையால் மூடிக் கட்டு.

இந்த வேலைக்கு நம் ஊரில் தோதான மாதங்கள் சித்திரைப் பின்பாதி முதல் ஆனி வரை. தை, மாசியில் அறுவடை மெஷின் கிளப்பும் வைக்கோல் தூசு. பங்குனியில் உளுந்து, பயறு அடிக்கும் தூசு. ஆடியில் காற்று. ஐப்பசி, கார்த்திகையில் சுவரே வியர்க்கும். அப்போது கம்ப்ரசர் காற்றிலும் தண்ணீர் வரும், டேங்கை வடித்துவிட்டே ஊது.

பேரிங் இடைவெளியை பிளாஸ்டிகேஜ் (நசுங்கும் மெழுகு நூல்) வைத்துப் பார். ஜர்னலும் (கிராங்க் தண்டு பேரிங்கில் உட்காரும் இடம்) பேரிங்கும் எண்ணெயில்லாமல் உலர்ந்திருக்க வேண்டும். நூலை நீளவாக்கில் வைத்து, பேரிங் மூடியான கேப்பை முழு டார்க்கில் இறுக்கிக் கழற்று. இடையில் கிராங்க் அசையவே கூடாது. நசுங்கிய நூல் எவ்வளவு அகலமோ இடைவெளி அவ்வளவு குறைவு. ஜர்னல் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது பழைய கணக்கு, 45 மி.மீ.க்கு 0.045. கம்பெனி சர்வீஸ் புத்தகம் இதைவிடக் கொஞ்சம் நெருக்கமாகச் சொல்லலாம், புத்தகத்தின் எல்லைக்குள் மேல்பக்கமாக வைத்துக்கொள்.

ரிங்கை பிஸ்டனில் மாட்டுமுன் சிலிண்டரில் இறக்கி, பிஸ்டனைக் கவிழ்த்து அதன் தலையால் தள்ளி நேராக்கு. ரிங்கின் இரு முனைக்கும் நடுவே வாய் இடைவெளி மேல் ரிங்குக்கு 0.30 முதல் 0.35 மி.மீ., இரண்டாவதற்கு 0.40 இருக்கட்டும். குறைந்தால் சூட்டில் இரு முனையும் முட்டி, சுவரைக் கீறி, பிஸ்டன் விளிம்பையே உடைத்துவிடும். கொஞ்சம் கூடினால் பெரிய சேதமில்லை. அரத்தால் ஒரு முனையை மட்டும், வெளியிலிருந்து உள்நோக்கித் தேய்.

கம்ப்ரஷன் (காற்றும் பெட்ரோலும் அமுங்கும் விகிதம்) ஏற்ற ஹெட்டைச் சீவப் போகிறாய். சீவுமுன் கணக்குப் போடு. 74 போர், 75.5 ஸ்ட்ரோக், ஒரு சிலிண்டர் 325 மி.லி. ஓவர்சைஸ் போட்டால் இதைத் திருத்திக்கொள். ஹெட்டைக் கவிழ்த்து, பிளக்கை மாட்டி, விளிம்பில் கிரீஸ் தடவி, துளையிட்ட அக்ரிலிக் தகட்டை ஒட்டு. மருந்துக் கடை 50 மி.லி. சிரிஞ்சில் நிறமேற்றிய மண்ணெண்ணெயை விட்டு, குமிழில்லாமல் நிறைய எத்தனை மி.லி. போகிறது என்று குறி. நசுங்கிய கேஸ்கெட்டின் கன அளவு, பிஸ்டன் குழிவு, பிஸ்டன் பிளாக் முகத்துக்குக் கீழே நிற்கும் அளவு மூன்றையும் அதோடு கூட்டு. மொத்தம் 36 மி.லி. என்றால், 325-ஐ அதோடு கூட்டி 36-ஆல் வகுக்க விகிதம் 10. அதிலிருந்து ஒவ்வொரு மி.லி. குறையும்போதும் கால் புள்ளி ஏறும். சித்திரை வெயிலில், பங்கில் கிடைக்கும் சாதாரண பெட்ரோலில் 10-க்கு மேல் போகாதே, நாக்கிங் (பெட்ரோல் தானாக வெடித்துத் தட்டுவது) பிஸ்டனை ஓட்டையாக்கிவிடும். சீவிய பிறகு பிஸ்டன் தலையில் களிமண் வைத்து ஹெட்டை இறுக்கி, கையால் இரண்டு சுற்று சுற்றி, களிமண்ணை வெட்டி அளந்து பார். இன்டேக் வால்வுக்கு 2, எக்ஸாஸ்டுக்கு 2.5 மி.மீ. இடமில்லாவிட்டால் நிறுத்திவிடு.

ஹெட்டை ஏற்றும் நாளில் போல்ட் துளைகளை ஊதிக் காயவை. அடிமூடிய துளையில் எண்ணெயோ தண்ணீரோ நின்றால், இறுக்கும்போது அது அமுங்காமல் அலுமினியத்தைப் பிளக்கும், டார்க் ரெஞ்சும் பொய் சொல்லும். நடுவிலிருந்து வெளியே, மூன்று தவணையாக இறுக்கு. ரேடியேட்டருக்கு டிஸ்டில்டு வாட்டரும் கூலண்டும் மட்டும். வண்டி பழையது, பெட்ரோலில் இப்போது எத்தனால் கலந்து வருகிறது, அதனால் பெட்ரோல் ஹோஸ் அத்தனையும் மாற்று.

ஸ்டார்ட் செய்யுமுன் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஆயில் விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரை விட்டுவிட்டுச் சுற்று. ஆயில் சாதாரண மினரல் 20W-50 போதும், சிந்தெடிக் பிறகு. ஓடத் தொடங்கியதும் ஐடிலில் வேடிக்கை பார்க்காதே. எரியும் அழுத்தம் ரிங்குக்குப் பின்னால் புகுந்து சுவரோடு அழுத்தினால்தான் ரிங் உட்காரும், ஐடிலில் சுவர் வழவழப்பாகிவிடும். கசிவு இல்லை என்று பார்த்துக்கொண்டு விடியற்காலையில் தஞ்சாவூர் தாண்டி வல்லம் மேட்டுக்குப் போ. மூன்றாம் கியரில் 2000-லிருந்து 4500 ஆர்.பி.எம். வரை அழுத்தி ஏற்று, காலை எடுத்துக் கியரிலேயே இறங்க விடு. பத்துப் பன்னிரண்டு தடவை. 50 கி.மீ.யில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, ஃபில்டரை அறுத்துக் காகிதத்தை விரித்துப் பார். மினுமினுப்பு கொஞ்சம் இருக்கும். நகத்தில் சிக்கும் சில்லு இருந்தால் அத்தோடு வண்டியை நிறுத்து.

500 கி.மீ.யில் மறுபடி ஆயில். அன்றே எஞ்சின் சூட்டில், ஆக்சிலேட்டரை முழுதும் மிதித்தபடி கம்ப்ரஷன் டெஸ்ட் எடு. நான்குக்கும் இடையே பத்து சதவீதத்துக்குமேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. அந்த நான்கு எண்களையும் எழுதி அனுப்பு, கேம்ஷாஃப்டை அப்போது பேசுவோம்.

அன்புடன்,
அண்ணன்