கூமுட்டையையும் குறித்து வை

அன்புள்ள தம்பிக்கு,

வரும் மார்ச் மாதம் அமெரிக்காவின் தெற்கு இல்லினாய்ப் புல்வெளிகளில் பருவப் பணியாளனாக நீ சேரப்போகிறாய் என்று அறிந்து மகிழ்ந்தேன். மடலின் கடைசி வரியில் நீ கேட்டிருந்த கேள்வி இரண்டு நாள்களாக மனத்தில் ஓடிக்கொண்டே இருந்தது. ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வருகிற ஒரு பறவையை ஆண்டுதோறும் எண்ணிக்கொண்டிருப்பதால் என்ன ஆகப்போகிறது என்று கேட்டிருந்தாய். உனக்கு முன்னால் அந்த வயல்களுக்கு வந்த பலரும் இதையே கேட்டிருக்கிறார்கள், நானும் கேட்டேன். ஆகையால் உனக்கு மட்டும் அனுப்பியிருக்க வேண்டிய பதிலைப் பொதுவில் வைக்கிறேன்.

நீ தேடிப் போகும் பறவை கிரேட்டர் பிரெய்ரி சிக்கன். இந்தக் கடிதத்தில் அதைப் புல்வெளிக்கோழி என்றே எழுதுகிறேன். நம் ஊர்க் கவுதாரியை நினைத்துக்கொள். அதை ஏறத்தாழ ஒரு கிலோ எடை வரும்வரை பெரிதாக்கி, உடல் முழுவதும் பழுப்பும் வெளிர்நிறமுமாகக் குறுக்குக் கோடுகள் போட்டுவிட்டால் பேடை கண்முன் வந்துவிடும். காய்ந்த புல்லுக்குள் அது அடைகாத்துக்கொண்டிருக்கும்போது இரண்டடி தூரத்தில் நின்றாலும் கண்ணுக்குத் தெரியாது. சேவலுக்குக் கழுத்தின் இருபுறமும் ஆரஞ்சு நிறத்தில் காற்றுப்பைகள் உண்டு. அவற்றை ஊதிப் பெருக்கி அது எழுப்பும் ஒலி, உறுமியின் ஒரு பக்கத்தை வளைகுச்சியால் தேய்க்கும்போது எழுகிற அந்த ஆழ்ந்த முனகலைத்தான் எனக்கு நினைவூட்டியது. காற்றில்லாத விடியலில் அது ஒரு மைலுக்கு அப்பாலும் கேட்கும்.

இல்லினாய்க்குப் புல்வெளி மாநிலம் என்றே பட்டப்பெயர் உண்டு. இன்று அங்கே கண்ணுக்கெட்டிய தூரம் தெரிவதெல்லாம் மக்காச்சோளமும் சோயாவும்தான். ஏறத்தாழ 2.2 கோடி ஏக்கர் பரப்பில் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து நின்ற புல்லில், கலப்பை படாமல் மிஞ்சியது ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். ஒட்டிக்கொள்ளும் அந்தக் கரிய மண்ணைப் புரட்டக்கூடிய எஃகுக் கலப்பையை ஜான் டியர் என்ற கொல்லர் 1837இல் செய்ததும் இதே மாநிலத்தில்தான். ஆனால் கலப்பை வந்தவுடனே பறவை அழிந்துவிடவில்லை என்பதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். தொடக்கத்தில் வயல்கள் சிறியவை, சுற்றிலும் புல் ஏராளம். குளிர்காலத்தில் சிந்திய தானியமும் கோடையில் கூடு கட்டப் புல்லும் அருகருகே கிடைத்ததால் எண்ணிக்கை பெருகியது. பீப்பாய் பீப்பாயாக அடைத்துச் சிகாகோவுக்கும் நியூயார்க்குக்கும் ரயிலில் அனுப்பும் அளவுக்குச் சுட்டுத் தள்ளினார்கள். பிறகு வயல் வளர்ந்து புல்லை விழுங்கியபோது சரிவு தொடங்கியது. 1933இல் வேட்டைக்குத் தடை வந்தது. ஆனால் அதற்குள் துப்பாக்கியைவிடக் கூடு கட்ட இடமில்லாமைதான் பெரிய பகையாகிவிட்டிருந்தது.

தெற்கு இல்லினாயில் ஜாஸ்பர் கவுண்டிப் பக்கம் மட்டும் இந்தப் பறவை நீண்ட காலம் தாக்குப்பிடித்ததற்கு ஒரு விந்தையான காரணம் உண்டு. அங்குள்ள உழவர்கள் ரெட்டாப் என்ற புல்லை விதைக்காகப் பயிரிட்டார்கள். விதை முற்றிய பிறகு கோடை நடுவில்தான் அறுப்பு. அதற்குள் குஞ்சுகள் பொரித்துக் கூட்டை விட்டுப் போயிருக்கும். யாரும் பறவையை நினைத்து அந்தப் புல்லை வளர்க்கவில்லை. பிழைப்புக்காக வளர்த்தது பறவைக்குக் காப்பாக அமைந்தது. பிறகு அந்த நிலங்களும் சோயாவுக்குப் போய்விட்டன. 1960களில் பறவைக்கென்றே நிலம் வாங்கி ஒதுக்கத் தொடங்கினார்கள். அவ்வாறு துண்டு துண்டாகச் சேர்ந்த நிலம்தான் இன்று பிரெய்ரி ரிட்ஜ் என்ற பெயரில் இருக்கிறது.

இனி உன் வேலை. சூரியன் எழுவதற்கு ஒரு மணி நேரம் முன்பாவது மறைவுக்கூண்டுக்குள் போய் உட்கார்ந்துவிட வேண்டும். சேவல்கள் இருட்டிலேயே ஆடுகளத்துக்கு வந்துவிடும். ஆடுகளம் என்பது புல் குட்டையாக இருக்கிற, சற்றே மேடான, நாற்புறமும் திறந்த ஓரிடம். அதில் ஒவ்வொரு சேவலும் தனக்கென்று ஒரு துண்டு நிலத்தைப் பிடித்துக்கொண்டு, தரையில் படபடவென்று கால்களை மிதித்து, கழுத்துச் சிறகுகளை இரு கொம்புகள் போல நிமிர்த்தி முழங்கும். நம் ஊர்ச் சேவற்கட்டைப் பார்த்தவனுக்கு எல்லைத் தகராறில் அவை பாய்ந்துகொள்வது புதிதாகத் தோன்றாது. ஏப்ரலில் பேடைகள் வரும். பத்துச் சேவல்கள் ஆடினாலும் நடுவில் இடம் பிடித்த ஒன்றிரண்டோடுதான் பெரும்பாலான பேடைகள் இணையும். பேடை வந்து நிற்கிற அந்தச் சில நிமிடங்களில் எண்ணுவதை மறந்துவிடுவாய், நானும் மறந்திருக்கிறேன். பறவைகள் தாமாகப் பறந்து போகும்வரை நீ வெளியே வரக்கூடாது. கால் மரத்துப் போகும், சிறுநீர் முட்டும், தெர்மாஸ் குடுவையைத் திறக்கும் ஓசைகூட உனக்கே இடி போலக் கேட்கும். பேனாவை நம்பாதே, மார்ச் விடியலில் மை உறைந்துவிடும். பென்சில் இரண்டு வைத்துக்கொள்.

எண்ணும்போது சேவலை மட்டும் எண்ணுகிறோம் என்பதை மறவாதே. பேடை ஒரு நாள் வரும், மறுநாள் வராது, அதை வைத்துக் கணக்குப் போட முடியாது. காற்று வீசுகிற காலையும் மழைக்காலையும் எண்ணிக்கைக்கு உதவாது. ஒரே களத்தை ஒரே முறையில் பல காலைகள் பார்த்து, அவற்றில் மிக உயர்ந்த எண்ணிக்கையை எடுத்துக்கொள்வோம். சலிப்பூட்டும் வேலைதான், மறுக்கவில்லை. விஸ்கான்சின் மாநிலத்தில் ஹாமர்ஸ்ட்ராம் என்ற ஆய்வாளர் தம்பதியர் இதே வேலையைப் பல பத்தாண்டுகள் ஆயிரக்கணக்கான தன்னார்வலர்களைக் கூட்டிவந்து செய்தார்கள். அங்கும் நடந்தது இதுதான்: இருட்டில் போய் உட்காருவது, எண்ணுவது, எழுதுவது.

ஆனால் உன் கேள்விக்கான பதில் ஆடுகளத்தில் இல்லை, கூட்டில் இருக்கிறது. மே மாதத்தில் கூடு தேடும் வேலை தொடங்கும். பேடை தரையில் சிறு பள்ளம் பறித்து, சென்ற ஆண்டின் காய்ந்த புல்லை மறைப்பாகக் கொண்டு ஓர் ஈட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டு, ஏறத்தாழ 25 நாள் அடைகாக்கும். அடை முடிந்த கூட்டைக் கண்டால் ஓடுகளைக் கையிலெடுத்துப் பார். பொரித்த முட்டையின் அகன்ற முனை மூடி போல வட்டமாக வெட்டுப்பட்டிருக்கும். நரியோ ஸ்கங்க் என்ற சிறு விலங்கோ தின்றதென்றால் நொறுங்கிக் கிடக்கும். இவ்விரண்டும் அல்லாமல் முழுதாக, கனத்து, குலுக்கினால் தளும்புகிற முட்டை ஒன்றிரண்டு ஓரத்தில் கிடக்கும். அதுதான் கூமுட்டை. அதை எடுத்து எறிந்துவிட்டுப் போகத்தான் கை வரும். எறிவதற்கு முன் எத்தனை என்று எழுதிவிடு.

ஏன் என்று சொல்கிறேன். 1962இல் அந்தப் பகுதியில் ஏறத்தாழ 2,000 புல்வெளிக்கோழிகள் இருந்தன. 1994 வாக்கில் 50க்கும் குறைவு. இடைப்பட்ட காலத்தில் நிலம் வாங்கப்பட்டது, புல் விதைக்கப்பட்டது, வேட்டை கிடையாது. ஆனாலும் சரிவு நிற்கவில்லை. வாழிடம் குறைந்ததால் பறவை குறைந்தது என்ற விளக்கம் மட்டும் கையில் இருந்திருந்தால் இன்னும் நிலம் வாங்கு என்பதோடு பேச்சு முடிந்திருக்கும். ரொனால்ட் வெஸ்டிமியர் என்ற ஆய்வாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் 35 ஆண்டுகள் சேவலை மட்டும் எண்ணிக்கொண்டிருக்கவில்லை. கண்ட கூட்டிலெல்லாம் எத்தனை முட்டை, எத்தனை பொரித்தது, எத்தனை பொரிக்கவில்லை என்றும் எழுதி வந்தார்கள். அந்த ஏடுகளைச் சேர்த்துப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. முற்காலத்தில் நூற்றுக்கு 93 முட்டை பொரித்த இடத்தில், 1990களின் தொடக்கத்தில் பாதிகூடப் பொரிக்கவில்லை. முட்டையை யாரும் தின்னவில்லை, பேடை கூட்டை விட்டு ஓடவும் இல்லை; அடை நாள் முழுவதும் காத்த முட்டைக்குள்ளேதான் உயிர் இல்லை.

அடுத்த படி அருங்காட்சியகத்தில் நடந்தது. பல பத்தாண்டுகளுக்கு முன் இல்லினாயில் பிடித்துப் பாடம் செய்து வைத்திருந்த புல்வெளிக்கோழிகளின் மரபணுவை எடுத்து, உயிரோடிருக்கும் பறவைகளின் மரபணுவோடு ஒப்பிட்டார்கள். பழைய பறவைகளில் ஒரு மரபணு இடத்துக்குச் சராசரியாக 5.2 வகைகள் இருந்தன, புதியவற்றில் 3.7. கான்சஸ், நெப்ராஸ்கா பறவைகளில் 5.8. சோயாக் கடலுக்கு நடுவே தீவாகிப்போன அந்தச் சிறு கூட்டம் தமக்குள்ளேயே கலந்து கலந்து நலிந்துவிட்டது என்பது அப்போது தெளிவாயிற்று. இதற்கிடையே 1992 முதல் சில ஆண்டுகளுக்கு மினசோட்டா, கான்சஸ், நெப்ராஸ்காவிலிருந்து 250க்கும் மேற்பட்ட பறவைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். முட்டை பொரிப்பது மீண்டும் நூற்றுக்குத் தொண்ணூறைத் தாண்டியது. 1998இல் சயின்ஸ் இதழில் வந்த கட்டுரை இதைப் பதிவு செய்தது. இன்று உயிரியல் பாடநூல்களில் இருக்கிற கதை இதுதான். ஆனால் பாடநூலில் படிக்கும்போது மரபணுதான் கதாநாயகன் போலத் தோன்றும். என் கணக்கில் கதாநாயகன் குறிப்பேட்டின் அந்தக் கூமுட்டைக் கட்டம். அதில் எண் இல்லாதிருந்தால் அருங்காட்சியகத்தின் கதவைத் தட்ட வேண்டும் என்று யாருக்கும் தோன்றியிருக்காது.

இதைக் கேட்டு எல்லாம் சரியாகிவிட்டது என்று எண்ணிவிடாதே. முட்டை பொரிப்பது வேறு, பொரித்த குஞ்சு பூச்சி தின்று வளர்ந்து குளிர்காலத்தைத் தாண்டுவது வேறு. இருக்கிற புல் இன்னும் தீவுதான். வெளியிலிருந்து புது இரத்தம் தானாக வந்து சேர வழியில்லை. 2014இல் மீண்டும் கான்சஸிலிருந்து பறவைகளைக் கொண்டுவர வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் வெளியிலிருந்து கொண்டுவந்து ஊன்றுகிற கூட்டத்தைத் தழைத்த கூட்டம் என்று சொல்லலாமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. சிலர் அந்தச் செலவே வீண் என்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை, என்றாலும் அவர்கள் கேள்வியை எளிதாகத் தள்ளிவிடவும் என்னால் முடியவில்லை.

கூட்டில் இன்னொரு வேடிக்கையும் பார்ப்பாய். வேட்டைக்காக ஆசியாவிலிருந்து கொண்டுவந்து விட்ட ஃபெசன்ட் என்ற பறவை, சில வேளை புல்வெளிக்கோழியின் கூட்டில் தன் முட்டையையும் இட்டுவிட்டுப் போகும். குயில் காக்கைக்குச் செய்வதை ஒத்ததுதான், ஆனால் கேடு வேறு வகை. ஃபெசன்ட் முட்டைக்கு 23 நாள் போதும். அந்தக் குஞ்சு முதலில் வெளியே வந்தவுடன், தன் ஈடு பொரித்துவிட்டது என்று நம்பிப் பேடை அதை அழைத்துக்கொண்டு கிளம்பிவிடும். இன்னும் இரண்டு நாள் சூடு வேண்டியிருந்த சொந்த முட்டைகள் குளிர்ந்து போகும். அந்த முட்டைகளையும் கூமுட்டை என்ற கட்டத்தில் போட்டுவிட்டால் கணக்கு கெடும். உள்ளே வளர்ந்த குஞ்சு இருக்கும், ஆகவே அது வேறு கட்டம். முட்டை நிறத்தையும் அளவையும் கவனி: ஃபெசன்ட் முட்டை ஒரே சீரான ஆலிவ் பழுப்பு, நம் பறவையின் முட்டையில் பெரும்பாலும் நுண்புள்ளிகள் இருக்கும்.

எண்ணினால் மட்டும் ஒரு பறவை பிழைத்துவிடாது என்பதற்கும் சான்று இருக்கிறது. இதே பறவையின் கிழக்குக் கரைக் கிளையினமான ஹீத் ஹென், மாசசூசெட்ஸ் கரைக்கு அப்பாலுள்ள மார்த்தாஸ் வின்யார்ட் தீவில் மட்டும் எஞ்சியபோது 1908இல் அதற்கென்று காப்பிடம் அமைத்தார்கள். 1916இல் கூடு கட்டும் பருவத்தில் பிடித்த தீ பெரும்பகுதியை அழித்தது. கடைசியில் ஒரே ஒரு சேவல் மிஞ்சி, பேடையே இல்லாத களத்துக்கு வந்து நின்றது. 1932க்குப் பிறகு அதையும் யாரும் பார்க்கவில்லை.

என் குறிப்பேட்டை உனக்கே அனுப்புகிறேன். அதில் நான்காவது ஆடுகளத்துக்கான பக்கத்தில் ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் ஒரு கட்டம் வெறுமையாக இருக்கும். அன்று நான் போனேன். காற்றில்லை, பனியில்லை, எல்லாம் சரியாக இருந்த காலை. மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், ஒரு பறவையும் வரவில்லை. முந்தைய ஆண்டு நான்கு சேவல்கள் ஆடிய களம் அது. சுழியம் என்று எழுத மனம் வராமல் ஏட்டை மூடிவிட்டேன். மறுநாள் வருமென்று நினைத்தேன். ஆண்டு முடிவில் ஏட்டைத் தொகுத்தவர் அந்தக் கட்டத்தைப் பார்த்துவிட்டு, அன்று யாரும் போகவில்லை என்று எடுத்துக்கொண்டார். அவர் மீது தவறில்லை. நான் சொன்னபோது தொகுப்பு அச்சுக்குப் போயிருந்தது. அந்தக் கட்டத்தை இப்போது நீ நிரப்பாதே, அப்படியே இருக்கட்டும். அதற்கு நேரே ஓரத்தில் நடந்ததைப் பென்சிலால் எழுதியிருக்கிறேன்.

நான்காவது களத்துக்கு வடக்குப் பாதை வழியாகப் போ. தெற்குப் பாதையில் உருகும் பனியில் வண்டி புதைந்துவிடும்.

அன்புடன்,
உன் அண்ணன்