கறுப்பாக வந்த முதல் தண்ணீர்

புரட்டாசி 28

அன்புள்ள கதிரேசா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் தாமதமானதற்கு நடவுதான் காரணம். தண்ணீர் வந்த நாளில் ஆள் இல்லை, ஆள் கிடைத்த நாளில் தண்ணீர் முறை மாறிவிட்டது. பன்னிரண்டு மா நிலத்தில் ஒன்பதை நட்டு முடித்தேன். மீதியில் நேரடியாக விதைத்துவிட்டேன். தங்கச்சிக்கு முழங்கால் வலி தேவலையா? பெரியவனுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. மூக்கு அப்படியே என்னுடையது என்று ஊரே சொல்கிறது. பாவம் குழந்தை.

சுத்தமான காற்றும் தண்ணீரும் குடிமகனின் உரிமை என்று சட்டத்தில் எழுதிவிட்டால் ஆற்றில் ஓடுகிற சாயம் நின்றுவிடுமா என்று கேட்டிருந்தாய். சட்டங்கள் போதுமான அளவு இருக்கின்றன, அவற்றை நடத்தினால் போதும், உரிமை என்று ஆரம்பித்தால் ஆளுக்கொரு வழக்குப் போட்டு இருக்கிற பட்டறைகளையும் மூடவைத்துவிடுவார்கள் என்றும் எழுதியிருந்தாய். முப்பது வருடம் திருப்பூர்ச் சாயப்பட்டறையில் கணக்கு எழுதியவன் வேறு எப்படி எழுதுவான்? கோபித்துக்கொள்ளாதே. நானும் போன வருடம் வரை கிட்டத்தட்ட உன் கட்சிதான். இந்த ஆனி மாதம் மதகடியில் நின்ற பிறகுதான் மாறினேன்.

முதல் தண்ணீர் எப்படி வரும் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். வெடித்துக் கிடக்கும் வாய்க்கால் தரையில் சருகையும் நுரையையும் முன்னால் தள்ளிக்கொண்டு, பள்ளம் பார்த்து நின்று நின்று ஊர்ந்து வரும். நாம் அதற்கு முன்னால் பின்பக்கமாக ஓடுவோம். உன் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி ஒரு பிடி நெல்லும் பூவும் போட்டுக் கும்பிடுவார். வெடிப்புக்குள் தண்ணீர் இறங்கும்போது எழுகிற மண்வாசனைக்காகவே நான் நிற்பேன்.

இந்த வருடம் தண்ணீருக்கு முன்னால் வாடை வந்தது. அதன் பிறகு, கறுப்பாக, தார் உருகி வருவது போல ஒன்று வந்தது. அதன் மேல் தெர்மாக்கோல், தண்ணீர் பாட்டில்கள், ஊதிப் பெருத்த டயாப்பர், ஒற்றைச் செருப்பு, 2019 ஜனவரி முதல் தேதியோடு தமிழ்நாட்டில் ஒழிந்துவிட்டதாகச் சொல்லப்படும் மெல்லிய பைகள். பூக்கொண்டு வந்த ஒரு கிழவி அதைப் பார்த்துவிட்டு, பூவைத் திரும்ப முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டாள்.

காரணம் எளிதானது. மேட்டூரை வழக்கப்படி ஜனவரி 28-ல் மூடினால் ஜூன் 12-ல்தான் திறப்பார்கள். இடையில் நாலரை மாதம் நம் ஆற்றில் காவிரி கிடையாது. ஆனால் மேலே இருக்கிற நகரத்தின் சாக்கடைக்கு விடுமுறை இல்லை. அது தினமும் வாய்க்காலில் விழுந்து, வெங்காயத்தாமரையும் காட்டாமணக்கும் அடைத்த இடங்களில் தேங்கி, வெயிலில் கெட்டியாகிக் கிடக்கிறது. புதுத் தண்ணீர் வந்ததும் அத்தனையையும் வழித்துக்கொண்டு கடைமடைக்கு, அதாவது நமக்கு, கொண்டுவந்து கொட்டுகிறது. நல்ல தண்ணீர் பின்னால் வருகிறது என்று மதகு திறக்கிற லஸ்கர் ஆறுதல் சொன்னார். வந்தது. ஆனால் கறுப்பு வயலில் படிந்த பிறகு வந்தது.

நாற்று பறிக்க வந்த பெண்கள் வயலில் இறங்குவதற்கு முன் வரப்பில் வரிசையாக உட்கார்ந்து முழங்கால் வரை வேப்பெண்ணெய் தடவிக்கொண்டார்கள். சேற்றுப்புண் நமக்குப் புதிதில்லை. மஞ்சள் வைத்தால் ஆறிவிடும். இது அப்படி இல்லை. இரவெல்லாம் அரிப்பு, காலையில் தோல் வெடித்து நீர் கசிகிறது. கூலியோடு எண்ணெய்க் காசையும் சேர்த்துக் கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தேன். அந்தக் காசை நான் யாரிடம் வாங்குவது என்று அன்றைக்குத்தான் முதலில் யோசித்தேன்.

திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தேன். வழக்கமான வாசகம்தான்: ‘ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.’ ஒரு எண் போட்ட சீட்டு கொடுத்தார்கள். ஒன்றரை மாதம் கழித்துப் பதில் வந்தது. யார் மேல் புகார் சொன்னேனோ அவர்களிடமே மனு போயிருக்கிறது. அவர்களே பதிலும் எழுதியிருக்கிறார்கள். நிதி ஒதுக்கீடு கிடைத்ததும் நடவடிக்கை எடுக்கப்படுமாம்.

நம் கணக்கு வாத்தியாரின் பேத்தி திருவாரூரில் வக்கீலாக இருக்கிறாள். அந்தக் கடிதத்தைக் காட்டினேன். படித்துவிட்டுச் சிரித்தாள். "இந்தப் பதிலை உச்ச நீதிமன்றம் 1980-லேயே தள்ளுபடி செய்துவிட்டது, மாமா" என்றாள். மத்தியப் பிரதேசத்தில் ரத்லம் என்று ஓர் ஊர். அங்கே ஒரு தெருக்காரர்கள், சாக்கடையும் மலமும் சாராய ஆலைக் கழிவும் வீட்டு வாசலில் ஓடுவது பொறுக்காமல், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-வது பிரிவின்படி மாஜிஸ்திரேட்டிடம் போனார்கள். பொதுத் தொல்லையை அகற்ற உத்தரவிடும் பிரிவு அது. வடிகால் கட்டு என்று மாஜிஸ்திரேட் உத்தரவிட்டார். பணமில்லை என்று நகராட்சி டெல்லி வரை போனது. நீதிபதி கிருஷ்ணய்யர் விடவில்லை. ஊரைச் சுத்தமாக வைத்துக்கொள்வது நகராட்சியின் அடிப்படை வேலை, பணமில்லை என்பது அதைத் தட்டிக்கழிக்கக் காரணமாகாது என்று தீர்ப்பெழுதினார். இன்றைக்கு அந்த 133, பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 152 ஆகிவிட்டது. இந்தப் பெயரைச் சொல்லிப் பழக எனக்கு இன்னும் ஒரு போகம் ஆகும். ஆனால் அந்த மாஜிஸ்திரேட் அதிகாரம் கோட்டாட்சியருக்கு உண்டு, மனுவை அவர் அலுவலகத்திலேயே கொடுக்கலாம் என்பது எனக்குப் பெரிய செய்தி. டவுன் பஸ்ஸில் போய்விட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம்.

நீ சொல்கிற ‘சட்டம் இருக்கிறது’ என்பதையும் அவளிடம் கேட்டேன். இருக்கிறதுதான். 1974-ல் தண்ணீருக்கு, 1981-ல் காற்றுக்கு, போபால் நடந்த பிறகு 1986-ல் எல்லாவற்றுக்குமாக. அரசியல் சட்டத்திலும் 1976-ல் இரண்டு இடத்தில் எழுதினார்கள். 48-ஏ, சுற்றுச்சூழலைக் காக்க அரசு முயல வேண்டும் என்கிறது. ஆனால் அது வழிகாட்டு நெறி, அதைக் காட்டி வழக்குப் போட முடியாது. 51-ஏ, இயற்கையைக் காப்பது குடிமகனின் கடமை என்கிறது. வேடிக்கையைப் பார். என் கடமையைப் பெயர் சொல்லி எழுதியவர்கள் என் உரிமையை எழுதவில்லை. உயிர் வாழும் உரிமை என்கிற 21-வது பிரிவுக்குள் அதுவும் அடக்கம் என்று நீதிமன்றம்தான் பிறகு எடுத்துக் கொடுத்தது. மாசில்லாத தண்ணீரையும் காற்றையும் அனுபவிப்பது அதில் சேர்ந்தது என்று 1991-ல் சுபாஷ் குமார் வழக்கில் சொன்னார்கள். 2024-ல் பருவநிலை மாற்றத்தின் தீங்குகளிலிருந்து காக்கப்படுவதும் உரிமை என்று வந்தது. ஐ.நா. பொதுச்சபையிலும் 2022 ஜூலையில் 161 நாடுகள் இதற்குக் கைதூக்கின, நம் நாடும் சேர்த்து. அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நம் வாய்க்காலுக்கு நியூயார்க்கிலிருந்து மதகு கிடையாது.

உரிமையே இல்லை என்று நான் புலம்பவில்லை. மேட்டூரில் திறந்துவிட்டார்கள் என்று பேப்பரில் படம் வருகிற அன்றைக்கே கடைமடை நனைந்துவிடுவதில்லை அல்லவா? தலைமடைக்காரன் பாய்ச்சி முடிக்க வேண்டும், முறை வர வேண்டும், லஸ்கர் ஷட்டரைத் தூக்க வேண்டும். டெல்லியில் திறந்த உரிமையும் அப்படித்தான். சுற்றுச்சூழல் வழக்குகளைக் கேட்கிற பசுமைத் தீர்ப்பாயத்தின் நம் பக்கத்து அமர்வு சென்னையில் இருக்கிறது. நஷ்டஈடு கேட்காத மனுவுக்கு ஆயிரம் ரூபாய்தான் கட்டணம், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் போக வர, தங்க, வக்கீலுக்கு? அதிலும் பிரச்சினை எழுந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டுமாம். நம் சாக்கடை எந்தத் தேதியில் எழுந்தது என்று நான் எந்தப் பஞ்சாங்கத்தில் பார்ப்பது?

எழுத்தில் இல்லாத உரிமைக்கு இன்னொரு குறையும் உண்டு. இறால் பண்ணைக் காலத்தை நினைத்துப் பார். தொண்ணூறுகளில் நாகப்பட்டினம் கடலோரம் முழுக்க நெல்வயலை வாங்கிக் குட்டை வெட்டி உப்புத் தண்ணீரை நிரப்பினார்கள். பக்கத்து வயல் உப்புப் பூத்தது, குடிக்கிற கிணறு கரித்தது. சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதனும் அவர் மனைவி கிருஷ்ணம்மாளும் ஊர் ஊராக நடந்தார்கள். ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் போய் 1996 டிசம்பரில் ஜெயித்தார். கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் அந்தப் பண்ணைகள் கூடாது, கெடுத்தவன் ஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பு. அதே வருடம் ஆகஸ்டில்தான் வேலூர் தோல் பதனிடும் ஆலைகள் வழக்கிலும், மாசு செய்தவனே செலவை ஏற்க வேண்டும் என்பது நாட்டின் சட்டம் என்று ஆனது. ஆனால் 2005-ல் பாராளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புக்கென்று தனிச் சட்டம் போட்டது. ஆணையத்திடம் பதிவு செய்துகொண்டால் பண்ணை நடத்தலாம் என்று ஆகிவிட்டது. அந்தச் சட்டம் நல்லதா கெட்டதா என்று நான் வாதாட வரவில்லை, அதை நம்பிப் பிழைக்கிறவர்களும் நம் சொந்தக்காரர்கள்தான். தீர்ப்பில் கிடைத்ததைச் சட்டம் தளர்த்தலாம் என்பதை அதில் பார்த்தேன். உரிமை அரசியல் சட்டத்திலேயே பெயரோடு இருந்தால் தளர்த்துகிறவன் ஒருமுறை யோசிப்பான். 2020-ல் டெல்டாவை வேளாண் மண்டலம் ஆக்கினார்களே, அதை நானும் வரவேற்றேன். புதிதாக எண்ணெய்க் கிணறு வராது, தாமிர உருக்காலை வராது. நல்லது. அது மண்டலத்தைக் காக்கிற சட்டம். வேப்பெண்ணெய் தடவிய கால்களைப் பற்றி அதில் எதுவும் இல்லை.

இப்போது உன் பயத்துக்கு வருகிறேன். 2011 ஜனவரியில் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது நீ வேலையில்லாமல் வந்து என் திண்ணையில் உட்கார்ந்திருந்ததை மறக்கவில்லை. உன் பையனுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய மாதம் அது. ஆனால் ஒரத்துப்பாளையத்தை நினைத்துப் பார், கதிரேசா. திருப்பூருக்குக் கீழே நொய்யல் ஆற்றில் பாசனத்துக்காக 1992-ல் கட்டிய அணை, சாயத்தைத் தேக்கிவைக்கிற தொட்டியாகிவிட்டது. தண்ணீர் விடாதே என்று விவசாயியே கையெடுத்துக் கும்பிட்ட அணை உலகத்தில் வேறு எங்காவது உண்டா? அந்த நொய்யல்தான் கரூர்ப் பக்கம் காவிரியில் சேர்ந்து எனக்கு வருகிறது. முதல் கிணறு நிறம் மாறிய அன்றைக்கே, அந்தக் கிணற்றுக்காரன் பக்கத்து அலுவலகத்தில் போய் ‘இது என் உரிமை’ என்று எழுதிக் கொடுத்திருக்க முடிந்தால், பட்டறைக்காரர்கள் சுத்திகரிப்பு நிலையத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டியிருப்பார்கள். ஆரம்பத்திலேயே கேட்டு நிறுத்த முடியாமல் இருபது வருடம் ஓடியதால்தான் ஒரே நாளில் பூட்டு விழுந்தது. பிறகு பட்டறைகள் ஒழிந்தா போயின? கழிவை வெளியே விடாத முறைக்கு மாறித் திறந்தார்கள், நீயும் ஓய்வு பெறும் வரை அங்கேதான் இருந்தாய்.

இந்த உரிமை என் தலையிலும் விழும் என்பது தெரியும். ஆள் கிடைக்காமல் நானும் களைக்கொல்லி அடிக்கிறேன். அடித்த மூன்றாம் நாள் வடிகாலில் தண்ணீரைத் திறந்துவிடுகிறேன். வரப்பு வளையில் நண்டு பார்த்து எத்தனை வருடமாகிறது என்று கணக்கில்லை. வடிகாலில் கெளுத்திக்கும் விராலுக்கும் தூண்டில் போடுகிறவன் நாளைக்கு என்மேல் மனுக் கொடுத்தால் எனக்குக் கோபம் வரும்தான். ஆனால் அவன் கேட்டது தப்பு என்று சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை.

அடுத்த வாரம் கோட்டாட்சியரிடம் போகிறேன். ரத்லம் தீர்ப்பின் நகலையும் இணைத்திருக்கிறேன். மனுவில் ‘தாழ்மையுடன்’ என்பதை எடுத்துவிட்டு வெறுமே ‘கேட்டுக்கொள்கிறேன்’ என்று எழுதினேன். வாத்தியார் பேத்தி எல்லாவற்றையும் சரி என்று சொல்லிவிட்டு, அந்த ஒரு வார்த்தையை மட்டும் திரும்பச் சேர்க்கச் சொல்கிறாள். இன்னும் முடிவு செய்யவில்லை.

உன்னிடம் ஓர் உதவி. சுத்திகரிப்பு நிலையத்துக்கு மாதம் எவ்வளவு செலவானது, ஒரு லிட்டருக்கு எவ்வளவு விழுந்தது என்று உன் கையாலேயே கணக்கு எழுதியிருப்பாய். பழைய நோட்டு கிடைத்தால் பார்த்து எழுது. இல்லாவிட்டால் ஞாபகத்தில் இருப்பதையாவது எழுது. பணமில்லை என்று அவர்கள் மறுபடி சொன்னால் எனக்கு அது வேண்டும். தீபாவளிக்கு முன்னால் கிடைத்தால் நல்லது.

உன்,
சாமிநாதன்