வாஷ்பேசின் ஸ்டிக்கர் இருக்கட்டும், மொட்டை மாடிக்கு வாருங்கள்

சென்னை ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) ஐடி வளாகங்களின் உரிமையாளர்களுக்கும் பராமரிப்பு மேலாளர்களுக்கும்,

வணக்கம். வாஷ்பேசினுக்கு மேலே ‘தண்ணீரைச் சேமிப்போம்’ என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறீர்கள். சரி, குழாயை மூடிவிட்டுத்தான் வருகிறோம். மொட்டை மாடியில் ஆவியாகிப் போகும் தண்ணீருக்கு யார் ஸ்டிக்கர் ஒட்டுவது?

கூலிங் டவர் (கட்டடத்துச் சூட்டைத் தண்ணீரை ஆவியாக்கி வெளியேற்றும் கோபுரம்) வைத்த மத்திய ஏசி, முழு வீச்சில் ஓடும்போது ஒரு டன் குளிரூட்டும் திறனுக்கு மணிக்குச் சுமார் 6 லிட்டரை ஆவியாக்கிவிடும். 500 டன் ஏசி 10 மணி நேரம் ஓடினால் 30,000 லிட்டர். 12,000 லிட்டர் தண்ணி லாரியில் இரண்டரை லோடு. உப்பு சேர்ந்ததும் டவரிலிருந்து திறந்துவிடும் தண்ணீர் தனிக் கணக்கு.

இதற்குப் போய் லாரித் தண்ணீரா? உங்கள் எஸ்டிபியில் (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) சுத்தமாகி வரும் நீரையே இன்னொரு முறை வடிகட்டி, கடினத்தன்மையை நீக்கும் சாஃப்ட்னரில் விட்டு டவருக்கு ஏற்றலாம். அதைவிடச் சுலபமானது, ஏசி காயிலில் வழியும் தண்ணீர். சென்னைப் புழுக்கத்தில் அது கொஞ்சமாகவா வரும்? எங்கள் கட்டடத்தில் பேஸ்மென்டுக்கு இறங்கும் சரிவின் ஓரம் ஒரு பிவிசி குழாய், சித்திரை வெயிலிலும் சில்லென்று ஊற்றிக்கொண்டே இருக்கிறது. போவது நேரே மழைநீர் வடிகாலுக்கு. உப்பே இல்லாத அந்தத் தண்ணீரைப் பிடித்து மேலே அனுப்ப ஒரு தொட்டி, ஒரு பம்ப், கொஞ்சம் பைப் வேலை. அவ்வளவுதான்.

வடிகாலைத் தாண்டினால் புல்வெளி. அங்கே உச்சி வெயிலில் ஸ்பிரிங்க்ளர் சுற்றுகிறது. புல்லில் யாராவது கால் வைத்தால் செக்யூரிட்டி அண்ணன் விசில் அடிப்பார்.

2019 ஜூனில் இந்தச் சாலையில் பல நிறுவனங்கள் தண்ணீர் இல்லாமல் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னது மறந்திருக்காது. அடுத்த மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் இரண்டாவது ஆலை 2024இல் திறந்தாயிற்றே என்பீர்கள். அப்புறம் ஏன் வளாக வாசலில் இன்னமும் லாரிகள் நிற்கின்றன? தனியார் லாரிக்காரர்கள் சுற்றுவட்டாரக் கிராமத்துக் கிணறுகளில் இறைத்துத்தானே கொண்டுவருகிறார்கள்?

முதலில் மீட்டர் வையுங்கள். கூலிங் டவருக்கு ஒன்று, கழிவறை லைனுக்கு ஒன்று, தோட்டத்துக்கு ஒன்று. எங்கள் வளாகத்தில் லாரி பில் பராமரிப்புக் கட்டணத்தோடு கலந்து, சதுர அடிக் கணக்கில் எல்லா நிறுவனங்களுக்கும் பிரிந்துவிடுகிறது. யாருக்கும் உறைப்பதில்லை. ஒவ்வொரு மாதமும் மீட்டர் கணக்கையும் லாரி பில்லையும் லிஃப்ட் பக்கத்தில் ஒட்டுங்கள். அங்கே இப்போது பார்க்கிங் விதிமுறை மட்டும்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஆறாவது மாடி ஊழியர் ஒருவர்