ஆசிரியருக்கும் ஆய்வுக்கூடம் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங்கில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் பதினெட்டு ஆண்டுகளாக அறிவியல் கற்பிக்கிறேன். சென்ற ஆண்டு ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி, பென்சில் பெட்டியிலிருந்து மெல்லிய பட்டை ஒன்றை எடுத்து என் மேசைமேல் வைத்தாள். பாட்டிக்கு இனிப்பு நீர். வீட்டில் ரத்தம் சோதிக்கும் பட்டை அது.

"டீச்சர், இதுல ஒரு சொட்டு ரத்தம் வச்சா மெஷின் 9.4-ன்னு காட்டுது. சீனி எவ்வளவு இருக்குன்னு அதுக்கு எப்படி டீச்சர் தெரியும்?"

"அளந்து சொல்லும்மா" என்றேன். தலையாட்டிவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டாள். அந்தத் தலையாட்டல் இன்னமும் என்னை உறுத்துகிறது.

அன்றிரவே தேடிப் படித்தேன். பட்டையில் தடவியிருக்கும் நொதி ரத்தத்திலுள்ள சீனியோடு வினைபுரிகிறது. அப்போது உண்டாகும் மிகச் சிறிய மின்னோட்டத்தைத்தான் கருவி எண்ணாக மாற்றுகிறது. லீலண்ட் கிளார்க் என்ற அமெரிக்க அறிஞர் 1962இல் இதற்கு வழி காட்டியிருக்கிறார். மறுநாள் பட்டையைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தோம். மெல்லிய கோடுகள் தெரிந்தன, பிள்ளைகள் முண்டியடித்தார்கள். உடனே அடுத்த கேள்வி: "பாட்டி பட்டை டப்பா மூடியைத் திறந்தே வைக்கிறாங்களே, பரவாயில்லையா?" ஈரக்காற்று பட்டால் பட்டை கெட்டு அளவு தவறிப்போகும் என்று சொல்ல முடிந்தது. எத்தனை நாளில் எவ்வளவு தவறும் என்று சோதித்துக் காட்ட எனக்குத் தெரியவில்லை. அதைப் புத்தகம் கற்றுத் தராது.

அமெரிக்காவில் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிதியில், பள்ளி ஆசிரியர்கள் கோடை விடுமுறையில் ஏறக்குறைய ஆறு வாரம் பல்கலைக்கழக ஆய்வுக்கூடங்களில் வேலை செய்கிறார்கள். உயிர்மருத்துவத் தொழில்நுட்பமும் அதில் உண்டு. ஆராய்ச்சியாளர்களோடு சேர்ந்து சோதனை செய்கிறார்கள், தவறுகிறார்கள், திரும்பச் செய்கிறார்கள். அங்கே கற்றதை வகுப்பறைப் பாடமாக்கிக் கொண்டு போகிறார்கள். அதற்கு உதவித்தொகையும் உண்டு. நான் போன பட்டறைகளோ ஒரே நாளில் முடிந்துவிட்டன. திரையில் பார்த்ததைக் கையால் தொட நேரமிருக்கவில்லை.

நமக்குக் கோடை விடுமுறை இல்லை. ஆண்டிறுதி விடுமுறை இருக்கிறது. எங்கள் ஊரிலேயே மருத்துவமும் உயிரித் தொழில்நுட்பமும் கற்பிக்கும் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் உயிர்மருத்துவப் பொறியியலுக்கென்றே ஒரு துறை இருக்கிறது. இவற்றின் ஆய்வுக்கூடங்களில் மூன்று வாரம், பள்ளிக்கு ஓர் ஆசிரியர் என்று தொடங்கினால் போதும். கைக்குழந்தையோடு இருக்கும் ஆசிரியைகள் கோலாலம்பூரில் தங்க முடியாது. அதனால் வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் இடம் அமைவது மிக முக்கியம்.

2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, நாட்டில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகச் சொல்கிறது. என் வகுப்பில் கை தூக்கச் சொன்னால் பாதிப் பேர் வீட்டில் இந்தக் கருவி இருக்கிறது. தினமும் பார்க்கும் பொருளைப் பற்றித்தான் இந்தப் பிள்ளைகள் கேட்கிறார்கள்.

கல்வி அமைச்சும் பல்கலைக்கழகங்களும் வரும் ஆண்டிறுதி விடுமுறைக்குள் இதைப் பேசி முடிக்க வேண்டும். பட்டியல் போட்டால் என் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த மாணவி இப்போது ஆறாம் ஆண்டில் இருக்கிறாள். மூடி திறந்த டப்பாவுக்கு நான் இன்னும் அவளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

அறிவியல் ஆசிரியை,
பீடோங், கெடா