சரிவுக்கு இட்லிப்பூ போதும்

அன்புள்ள மணி,

பதில் போட ரொம்பத் தாமதம், திட்டிக்கொள். இங்கே எல்லோரும் சௌக்கியம். தங்கச்சிக்கு முட்டிவலி தேவலையா? பட்டாளத்தார் இன்னும் அதே சைக்கிள்தானா?

வாசல் சரிவை மூட வெடேலியா, அதான் அந்த மஞ்சள் பூப் படர்செடி, வைக்கப்போகிறாய் என்று தங்கச்சி போனில் சொன்னாள். வேண்டாம்டா. கணுவுக்குக் கணு வேர் விடுகிற செடி அது. பிடுங்கிப் போட்ட துண்டுகூடப் பிழைத்துக்கொள்ளும். உலகின் மிக மோசமான 100 அந்நிய ஊடுருவல் உயிரினங்கள் என்ற பட்டியலில் அதுவும் இருக்கிறது. உன் வீட்டுக்குப் பின்னாலேயே வாய்க்கால்; ஒரு கொடி தண்ணீரில் போனால் கடைமடை வரை போகும்.

கிணற்றடியில் குட்டை இட்லிப்பூ இரண்டு புதர் வைத்துக்கொண்டு நர்சரிக்கு ஏன் ஓடுகிறாய்? வருஷம் முழுக்க இலை நிற்கும், வெட்டிவிட்டால் முழங்காலுக்குக் கீழேயே அடர்ந்து படரும். ஆடி, ஆவணியில் குச்சி நடு. சித்திரை வெயிலில் தொடாதே. பூக்காத கிளையில், பச்சை மாறிப் பழுப்பேறத் தொடங்கிய பகுதியாக நாலு அங்குலம் எடு. கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டு. நுனியில் நாலு இலை விட்டு, அதையும் பாதியாகக் கத்தரி. வேர் விடத் தூண்டும் ஐபிஏ 2000 பிபிஎம் பொடியில் அடியைத் தொட்டு, மிச்சத்தைத் தட்டிவிடு. ஆற்று மணலும், உப்புப் போக அலசிய கோகோபீட்டும் (தேங்காய் நார்த்தூள்) சரிபாதி கலந்து பையில் நிரப்பி நடு. எரு ஒரு பிடிகூட வேண்டாம், அடி அழுகும். மேலே பாலிதீன் கூடாரம், இடம் நிழல். வெயில் பட்டால் உள்ளே வெந்துவிடும்.

வேர் பிடிக்க ஆறிலிருந்து எட்டு வாரம். முதல் வாரமே இலை கொட்டினால் ஈரப்பதம் போதவில்லை. அடி கறுத்தால் தண்ணீர் அதிகம். புதுத் துளிரைப் பார்த்து ஏமாறாதே, குச்சியில் இருக்கும் சத்திலேயே துளிர்க்கும். நீயோ பொறுமையில்லாதவன், தினம் பிடுங்கிப் பார்ப்பாய்! பை ஓட்டையில் வேர் எட்டிப் பார்க்கும் வரை கை வைக்காதே.

குச்சி பிழைக்குமோ என்று பயமென்றால் தரைப் பதியம் போடு, நாள்தான் கொஞ்சம் கூடும். தாழ்ந்த கிளையின் அடிப்பட்டையை ஓர் அங்குலம் சுரண்டி, வளைத்த கம்பியால் மண்ணோடு அழுத்தி, இரண்டு அங்குலம் மண் மூடி, மேலே செங்கல் வை. தாய்ச்செடியே சோறு போடுவதால் இதில் சாவு குறைவு. இரண்டு மூன்று மாதத்தில் வேர் இறங்கியதும் தாயிலிருந்து வெட்டு, ஆனால் உடனே பெயர்க்காதே. இரண்டு வாரம் அங்கேயே நிற்கட்டும்.

நடும்போது செடிக்குச் செடி ஓர் அடி, வரிசை மாற்றி மாற்றி. காம்பவுண்டுச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளு. சிமெண்டுச் சுண்ணாம்பு கசியும் மண்ணில் இட்லிப்பூவால் இரும்புச்சத்தை எடுக்க முடியாது. உங்கள் போர் தண்ணீரும் உப்பு. நரம்பு பச்சையாகவும் இளம் இலை மஞ்சளாகவும் மாறினால் யூரியாவைக் கொட்டாதே. லிட்டர் தண்ணீருக்கு அன்னபேதி (இரும்பு சல்பேட்) 5 கிராம், சிட்ரிக் அமிலம் 1 கிராம் கரைத்துச் சாயங்காலம் தெளி. செடி ஆறு அங்குலம் வந்ததும் நுனியைக் கிள்ளு, பக்கக் கிளை வெடிக்கும். இடைவெளி மூடும் வரை சருகு பரப்பிக் களையை அடக்கு.

வெடேலியாத் தட்டுகளை வாங்கியே விட்டாயென்றால் வாய்க்கால் பக்கம் எறியாதே. நன்றாகக் காயவைத்து எரித்துவிடு. வாத்தியாருக்கும் சொல், அவர் வீட்டு வாசலிலும் அதுதான்.

அன்புடன்,
ராமு