'சீல்' கியர்பொக்ஸும் மாற்றக்கூடாத ஒயிலும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஒட்டோ கியர் கார் வாங்கி விற்கும் இடங்களில் இரண்டு பேச்சு அடிபடுகிறது. 'இது சீல் பண்ணின கியர்பொக்ஸ், ஆயுளுக்கும் ஒயில் மாற்றத் தேவையில்லை' என்பது ஒன்று. 'தொட்டால் கியர் போய்விடும்' என்பது மற்றது. முதலாவது பிழை. இரண்டாவது சில கார்களுக்கு உண்மையாகவே நடந்திருக்கிறது. ஆனால் அதற்குக் காரணம் பெரும்பாலும் புது ஒயில் அல்ல, அளவு பார்த்த முறை. அதைப் பற்றியே இக்கடிதம்.

சீல் என்றால் ஒயில் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்ரிக்கை எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான். காருக்கு அடியில் போய்ப் பார்த்தால் ஒயில் இறக்க ஒரு பிளக், நிரப்ப ஒரு பிளக், பலவற்றில் அளவு பார்க்க ஒரு பிளக் என்று எல்லாம் இருக்கின்றன. ஒருநாளும் மாற்றக்கூடாத ஒயிலுக்கு இறக்கும் பிளக் எதற்கு? பல ஐரோப்பியக் கார்களுக்கு இவ்வகைப் பெட்டி செய்து கொடுக்கும் ஜேர்மனியின் இசட்.எஃப். நிறுவனமே, 80,000 முதல் 120,000 கிலோமீற்றருக்குள் அல்லது 8 வருடத்துக்குள் ஒயிலை மாற்றச் சொல்கிறது. 2020 மார்ச்சில் இலங்கைக்கு வாகன இறக்குமதி நின்று 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்தது. அதனால் நம் தெருக்களில் ஓடும் வகன் ஆர், அக்குவா, அக்ஸியோ பலவும் அந்த 8 வருடத்தைத் தாண்டியவை. ஜப்பானில் ஓடிவந்த கார் என்றால் கைநூலும் ஜப்பான் மொழியில். அதில் கடும் பாவனைக்கெனத் தனி அட்டவணை இருந்தாலும் வாசிப்பவர் யார்?

ஒயிலைக் கெடுப்பது சூடு. 10 பாகை சூடு கூடினால் ஒயிலின் ஆயுள் பாதியாகும் என்பது வேலைக்காரர் வைத்திருக்கும் மட்டுக்கணக்கு. ஏ9 வீதியால் கொழும்புக்கு ஓடும் காரைவிட, யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரி வீதியிலும் கஸ்தூரியார் வீதியிலும் ஊர்ந்து பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடும் காரின் ஒயில்தான் சீக்கிரம் கறுக்கும். நெடுந்தூர ஓட்டத்தில், எஞ்சினின் சுழற்சியை ஒயில் வழியாகக் கியர்பொக்ஸுக்குக் கடத்தும் ரோர்க் கொன்வேட்டர் பூட்டிக்கொள்ளும், வழுக்கல் இல்லை. நின்று நின்று எடுக்கும்போது உள்ளே ஒயிலை ஒயிலே அரைத்துச் சூடேறும். மீற்றரில் குறைந்த கிலோமீற்றர் காட்டுகிறது என்று இங்கே ஆறுதல் கொள்ள முடியாது.

அடுத்தது எந்த ஒயில் என்பது. சிவப்பாக இருப்பதெல்லாம் ஒன்றல்ல. டொயோட்டாவின் டபிள்யூ.எஸ். ஒயில், பழைய ரைப்-ஃபோரையும் டெக்ஸ்ரோன் மூன்றையும் விட மெல்லியது. அதற்கென அமைத்த வால்வுக்குள் தடித்ததை ஊற்றினால் கியர் விழுவதில் தாமதமும் இடிப்பும் வரும். சி.வி.ரி. பெட்டியில் சாதாரண ஒட்டோ ஒயிலை ஊற்றுவது அதைவிட மோசம். அங்கே உருக்குப் பட்டி கப்பியைப் பிடித்து ஓடவேண்டும், ஒயிலே அந்தப் பிடியைக் கொடுக்கிறது. பிடி குறைந்தால் பட்டி வழுக்கிக் கப்பியைச் சீவும். பிறகு எந்த ஒயிலாலும் அதைச் சரிப்படுத்த முடியாது.

ஹைபிரிட் காரான அக்குவாவில் இதற்கு நேர்மாறான பிழை நடக்கிறது. 'சி.வி.ரி.' என்ற சொல்லைக் கண்டு சி.வி.ரி. ஒயில் ஊற்றுகிறார்கள். அதற்குள் பட்டியே இல்லை. பல்சக்கரத் தொகுதியும் இரண்டு மின்மோட்டர்களும்தான். மோட்டர்ச் சுற்றுக்கம்பிகளையும் தொட்டு ஓடும் அந்த ஒயில் டபிள்யூ.எஸ். தான். நல்ல செய்தி, இந்த வேலை மிகச் சுலபம். ரோர்க் கொன்வேட்டர் இல்லாததால் பழைய ஒயில் ஏறக்குறைய முழுவதும் இறங்கிவிடும். மட்டமான தரையில் நிறுத்தி, புது ஒயிலை நிரப்பு துளையின் கீழ்விளிம்பில் தளும்பும்வரை விட்டு, புது வொஷர் போட்டு இரு பிளக்கையும் சுமார் 40 நியூட்டன் மீற்றர் இறுக்கத்துக்குப் பூட்டினால் முடிந்தது. மூன்றரை லீற்றர் அளவில் போகும், 4 லீற்றர் வாங்கினால் காணும். முதல் தலைமுறை ஹொண்டா வெசல் ஹைபிரிட்டில் இருப்பது இரட்டைக் கிளச் பெட்டி. அதன் கதை வேறு.

ரோர்க் கொன்வேட்டர் உள்ள, டிப்ஸ்ரிக் இல்லாத டொயோட்டாப் பெட்டிகளில்தான் கவனம் அதிகம் வேண்டும். முதலில் நிரப்பு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். இருந்த ஒயிலை இறக்கிவிட்ட பிறகு அது துருப்பிடித்துச் சுற்றாவிட்டால் கார் அந்த இடத்திலேயே கிடக்கவேண்டியதுதான். அடியில் ஒயில் தட்டில் உள்ள பிளக்கைக் கழற்றினால் கொஞ்சம் ஒழுகி நின்றுவிடும். 'முழுக்க இறங்கிவிட்டது' என்று அந்த இடத்தில் ஏமாந்து மூன்று லீற்றரை மேலே ஊற்றியவர்கள் இருக்கிறார்கள். உள்ளே பிளாஸ்ரிக்கில் ஒரு சிறு குழாய் நிமிர்ந்து நிற்கிறது, வீட்டுத் தண்ணீர்த் தாங்கியின் நிரம்புகுழாய் மாதிரி. அதன் வாய் உயரம்தான் சரியான மட்டம். ஆறுமூலைச் சாவியால் அதையும் கழற்றினால்தான் தட்டிலுள்ள ஒயில் இறங்கும். திரும்பப் பூட்டும்போது பலம் காட்டவேண்டாம், வெடித்துவிடும்.

இறங்கியதை அளவுச் சாடியில் பிடித்து, ஆறவிட்டு அளந்து, எழுதிவையுங்கள். தட்டைக் கழற்றினால் உள்ளே காந்தங்களில் சாம்பல் நிறக் களி ஒட்டியிருக்கும். அது வழமையான தேய்மானம். விரலால் தேய்த்தால் குத்தும் ஊசியோ மினுங்கும் சீவலோ இருந்தால் ஒயில் மாற்றித் தீராத வருத்தம். வடியை (ஃபில்டரை) மாற்றும்போது அதன் பழைய ரப்பர் வளையம், ஓ-றிங், துளைக்குள்ளேயே ஒட்டிக் கிடக்கும், தோண்டி எடுங்கள். அதற்கு மேல் புது றிங் ஏறினால் சரியாக இருக்காது, பம்ப் காற்றை இழுத்து ஊளையிடும். தட்டுக்குப் புது கஸ்கெற்றே போடவேண்டும். சிலிக்கோன் பூசினால் பிதுங்கிய துண்டு உதிர்ந்து வடியில் போய் நிற்கும்.

குழாயையும் பிளக்கையும் திரும்பப் போட்டு, இறங்கிய அளவையே நிரப்பி, எஞ்சினை இயக்கி, பிறேக்கை மிதித்தபடி ஒவ்வொரு கியரிலும் சில விநாடி நிறுத்தி, 'பி'க்கு வாருங்கள். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, நாலு சில்லும் ஒரே மட்டத்தில் இருக்க, ஒயில் குறித்த வெப்பநிலையில் இருக்கும்போதுதான் தட்டிலுள்ள அதே பிளக்கை, அதாவது அளவு பிளக்கைத் திறக்கலாம். பல டொயோட்டாக்களில் அது 40 பாகையை ஒட்டிய சிறு இடைவெளி. சரியான எண்ணை உங்கள் கார் மொடலின் பழுதுபார்ப்பு நூலில் பாருங்கள். நூலாக ஒழுகினால் சொட்டாகும்வரை விட்டுப் பூட்டவேண்டும், ஒன்றும் வராவிட்டால் சொட்டும்வரை மேலே விடவேண்டும். முன்பக்கத்தை மட்டும் ஜாக்கில் தூக்கிவிட்டுச் செய்தால் இத்தனை கவனமும் வீண்.

வெப்பநிலைதான் யாழ்ப்பாணத்தில் காலை வாரும். ஓடிவந்த காரின் ஒயில் 70, 80 பாகையில் இருக்கும், ஆற மணிக்கணக்காகும். சித்திரை வைகாசியில் முற்றத்து வெயிலில் நின்ற காரைத் தொடக்கினால் சில நிமிடத்திலேயே 40ஐத் தாண்டிவிடும். 7 லீற்றர் ஒயில் 40இலிருந்து 80 பாகைக்குப் போகும்போது ஏறத்தாழக் கால் லீற்றர் பெருக்கிறது. சூட்டோடு பிளக்கைத் திறந்தால் அந்தக் கால் லீற்றரும் வெளியே போய்விடும். ஆறினபின் ஒயில் குறைவு. வளைவில் திரும்பும்போது பம்ப் காற்றை விழுங்கும், 'டி' போட்டுச் சற்றுநேரம் கழித்தே கார் நகரும், கிளச் எரியும். எஞ்சினை நிறுத்திவிட்டுத் திறந்தாலும் இதே குறைவுதான், கொன்வேட்டரிலிருந்து தட்டுக்குத் திரும்பும் ஒயிலும் சேர்ந்து ஒழுகிவிடும். மிகக் குளிரில் பார்த்தால் மறுபுறம்: அளவு கூடி, சக்கரங்கள் ஒயிலை நுரையாக அடித்து, மூச்சுத்துளையால் தள்ளும். இவை எல்லாவற்றுக்கும் ஊர் சொல்லும் பெயர் 'ஒயில் மாற்றினதால் கியர் போச்சு'.

எனவே காரை முதல்நாள் மாலையே கராஜில் விட்டு, காலை ஆறு ஏழு மணிக்குள் வேலையை முடிப்பதே புத்தி. வெப்பநிலையைக் கையால் தடவிப் பார்க்க முடியாது, ஸ்கானர் வேண்டும். கியர்பொக்ஸ் ஒயில் சூடு காட்டும் சிறு கருவியும் போதும். அது இல்லாவிட்டால் பல டொயோட்டாக்களில் ஸ்கானர் செருகும் ஓ.பி.டி. சொக்கற்றின் 4ஆம், 13ஆம் துளைகளைக் கம்பியால் இணைத்து அதற்கான முறைக்குள் போகலாம். 'டி' விளக்கு அணைந்திருந்தால் சூடு போதாது, நிலையாக எரிந்தால் சரி, மினுங்கினால் தாண்டிவிட்டது. கம்பி தவறி 16ஆம் துளையில் படக்கூடாது. அங்கே எந்நேரமும் பற்றறி மின் உண்டு, பியூஸ் எரியும்.

ஒருமுறை இறக்குவதில் பழையதில் மூன்றிலொன்று முதல் 40 வீதம்தான் வரும், மீதி கொன்வேட்டரிலும் குழாய்களிலும். 40 வீதம் என்றால், இடையிடையே ஓடவிட்டு மூன்றுமுறை செய்தால் முக்கால்வாசிக்கு மேல் புதிதாகிவிடும். பல வருடம் தொடாத பெட்டியை மெஷினால் அமுக்கிக் கழுவுவதை நாங்கள் விரும்புவதில்லை. கிளம்பும் கசடு வால்வுகளில் போய் அடைக்கும். ஏற்கெனவே வழுக்கும், கருகல் மணம் வீசும் பெட்டிக்கு ஒயில் மாற்றிப் பார்ப்பதும் காசைக் கரியாக்குவதுதான். அங்கே கிளச் தேய்ந்து முடிந்துவிட்டது. மாற்றிய மறுகிழமை அது நிற்கும், பழி ஒயிலுக்கு வரும்.

இறக்கிய ஒயிலை வேலி ஓரம் ஊற்றாதீர்கள். நமது நிலம் சுண்ணாம்புக் கல், ஊற்றுவது நேரே கிணற்றுக்குப் போகும். சுன்னாகத்துக் கிணறுகளில் ஒயில் கலந்து பட்ட பாட்டை மறந்திருக்கமாட்டோம். கானில் அடைத்துக் கழிவு ஒயில் எடுப்பவரிடம் கொடுங்கள்.

கார் உரிமையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். அடைத்த கானை உங்கள் முன்னால் உடைக்கச் சொல்லுங்கள். பில்லில் நாலு விடயம் எழுதித் தரச் சொல்லுங்கள்: ஒயிலின் பெயர், இறங்கிய லீற்றர், ஊற்றிய லீற்றர், அளவு பிளக்கைப் பூட்டும்போது ஒயில் இருந்த வெப்பநிலை. நாலாவதைக் கேட்டதும் முழிக்கும் இடத்தில் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
கியர்பொக்ஸ் வேலைக்காரர் இருவர்,
கோண்டாவில்.