மங்கியதும் கருத்ததும்

அன்புள்ள நண்பா,

கடிதமும் படங்களும் வந்தன. நீ ரேக்கு (மிக மெல்லிய உலோகத் தாள்) ஒட்டிய சுவர்ப் பலகையின் அமைப்பு அருமை. நீ எழுதியபடி மங்கிய திட்டுகளும் கருத்த விரல் தடங்களும்தான் உறுத்துகின்றன. ஆனால் ரேக்கைத் திட்டாதே. மங்கல் பசையால் வந்தது, கருப்பு உன் கையால் வந்தது.

நீ ஒட்டியது பித்தளை ரேக்கு. செம்பும் துத்தநாகமும் கலந்தது. அசல் தங்க ரேக்கு இதைவிட மிக மெல்லியது, மூச்சு பட்டாலே பறக்கும், ஆனால் கருக்காது. பித்தளையைக் கையாள்வது சுலபம், வியர்வைதான் அதற்கு எமன். ஒட்டிய அன்று ஒன்றும் தெரியாது. சில வாரம் கழித்து ரேகை அப்படியே எழுந்து வரும். பருத்திக் கையுறை போட்டுக்கொள்.

பசைக்குப் பொறுமை வேண்டும். தண்ணீர்ப் பசையை மெல்லிசாக ஒரே பூச்சாகத் தடவு. முதலில் பால் போல வெளுத்திருக்கும், 15 முதல் 30 நிமிடத்தில் தெளியும். தெளிந்த பிறகு விரல் முட்டியால் தொட்டு எடு. சன்னமாக ‘டிக்’ என்று ஒலிக்க வேண்டும், முட்டியில் பசை ஒட்டக் கூடாது. ஈரத்தில் ஒட்டினால் ரேக்கு பசைக்குள் மூழ்கி ஒளி இழக்கும். உன் திட்டுகள் அனைத்தும் தூரிகைத் தடத்தில் பசை தேங்கிய ஓரங்களில்தான் இருக்கின்றன, கவனித்தாயா? மழைக்காலத்தில் நேரம் கூடும், ஆகவே கடிகாரத்தைவிட முட்டியை நம்பு. பளபளப்பே முக்கியம் என்றால் 12 மணி நேர எண்ணெய்ப் பசைக்குப் போ. அது மெதுவாகச் சமன்படுவதால் தூரிகைக் கோடு தெரியாது.

அடித்தளத்தை ஏமாற்ற முடியாது. ஜெஸ்ஸோ என்னும் வெள்ளை அடிப்பூச்சு மூன்று நான்கு முறை, பிறகு 400, 600 எண் உப்புத்தாளால் தேய்ப்பு. ரேக்கு எந்தக் கீறலையும் மறைக்காது, பெரிதாக்கிக் காட்டும். அதன்மேல் செங்காவி நிறம் பூசு. இடைவெளியில் சிவப்பு எட்டிப் பார்த்தால் பித்தளைக்கும் ஒரு சூடு வரும். இன்றைய பாணிக்கு அந்த விரிசல்கள்தான் அழகு என்பேன். அலுமினிய ரேக்குக்குக் கருநீலம் பூசு.

60 × 90 செ.மீ. பலகைக்கு, 14 செ.மீ. தாளை 5 மி.மீ. மேலடுக்காக ஒட்டினால் 5 × 7, அதாவது 35 தாள். கிழிவதையும் சேர்த்து 25 தாள் கொண்ட ரேக்குப் புத்தகம் இரண்டு வாங்கு. மின்விசிறியை நிறுத்திவிட்டு ஒட்டு. மென்தூரிகையால் அழுத்தி, உதிர்ந்ததைச் சேர்த்து வை, ஓட்டை அடைக்க உதவும்.

மூன்று நாள் காயவிட்டு வார்னிஷால் மூடு. தண்ணீர் அடிப்படை வார்னிஷில் சிலவற்றில் அம்மோனியா உண்டு, பித்தளையைப் பச்சையாக்கிவிடும். மெழுகு நீக்கிய ஷெல்லாக்கோ (அரக்குப் பூச்சு) கரைப்பான் அடிப்படை வார்னிஷோதான் சரி. அசல் தங்கத்துக்கு இந்தக் கவலையே இல்லை.

இப்போதுள்ள தடங்களைத் தேய்க்காதே, ரேக்கு கிழியும். அவற்றின் மேலேயே பசை தடவிப் புதுத் தாள் ஒட்டு. சுற்றியிருப்பதைவிடப் பளிச்சென்று நின்றால், வார்னிஷ் காய்ந்ததும் பழுப்பு வண்ணத்தை நன்றாக நீர்க்கக் கரைத்துப் பலகை முழுக்கத் தடவித் துடைத்து எடு. ஒட்டு போட்ட இடம் மறைகிறதா என்று எழுது.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி